கயிறு பிடிக்கும் கைகளுக்குக் கல்தாவா?

அமெரிக்கப் பூங்காக் காவலர்கள் மீது இறங்கிய ஆட்குறைப்புக் கத்தி

அமெரிக்க தேசியப் பூங்காக்களில் வேலை செய்த தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிய சர்க்காருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒரு வாதத்தை விடாமல் சொல்லி வருகிறார்கள். துப்பாக்கி தரித்த காவலர் மீது கை வைக்கவில்லையாம். ஆபத்து என்றால் ஓடுகிற ஆள் மீதும் கை வைக்கவில்லையாம். கழித்துக் கட்டியதெல்லாம் தண்டச் சம்பளக்காரர்களைத்தானாம். ஆகவே பூங்காவில் சட்டமும் ஒழுங்கும் அப்படியே இருக்கும், யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை, கவலையை விடுங்கள் என்கிறார்கள்.

இந்த வாதம் பொய். ஆலையிலும் வயலிலும் உழைக்கிற நமக்கு இது பழகிப்போன பொய்யும்கூட. நூற்பு ஆலையில் சைடரை மட்டும் வைத்துக்கொண்டு, டாஃபரையும் எண்ணெய் போடுகிறவரையும் பஞ்சு சுமக்கிறவரையும் வெளியே தள்ளிவிட்டு, நூல் நூற்கிறவரை நாங்கள் தொடவேயில்லை என்று மானேஜர் சொன்னால் நாம் நம்புவோமா? நாற்றுப் பறிக்கிறவர்களை நிறுத்திவிட்டு, நடவாட்களில் ஒருவரைக்கூடக் குறைக்கவில்லை என்று பண்ணையார் சொன்னால் வயல் நட்டு முடியுமா? அமெரிக்காவில் சொல்லப்படுவதும் இதே கதைதான். மெஷின் இருந்த இடத்தில் அங்கே மலை இருக்கிறது. நூல் அறுந்தால் முடி போட்டுக்கொள்ளலாம். அங்கே கயிறு அறுந்தால் உயிர் போய்விடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ரேஞ்சர் என்பவர் யார்?

நம் ஊரில் ரேஞ்சர் என்றால் ஜீப்பில் வருகிற அதிகாரி. அமெரிக்காவில் தேசியப் பூங்கா ரேஞ்சர் என்பவர் சம்பளத்துக்கு உழைக்கிற ஊழியர். தேசியப் பூங்காப் பணித்துறை என்ற இலாகா 1916ஆம் வருஷம் ஏற்பட்டது. இன்று அதன் கையில் 400க்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. மொத்தப் பரப்பு சுமார் 8 கோடியே 50 லட்சம் ஏக்கர். 2024ஆம் வருஷத்தில் மட்டும் அங்கே வந்து போனவர்களின் கணக்கு 33 கோடியே 19 லட்சம். அதற்கு முன் எந்த வருஷமும் இத்தனை கூட்டம் வந்ததில்லை.

இந்தக் காடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் போலீஸ் ஸ்டேஷனும் ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரத்தில் இல்லை. ஆகவே ரேஞ்சரே போலீஸ், ரேஞ்சரே முதலுதவிக்காரர், பல இடங்களில் தீயணைப்பவரும் அவர்தான். குடித்துவிட்டுக் காரை ஓட்டுகிறவனை நிறுத்துவதும், கள்ள வேட்டைக்காரனைப் பிடிப்பதும், மாரடைத்து விழுந்தவரின் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பதும், மலை முகட்டில் கால் ஒடிந்து கிடப்பவரைக் கயிற்றில் கட்டி இறக்குவதும் ஒரே இலாகாவின் வேலை. பல இடங்களில் ஒரே ஆளின் வேலை. தேடி மீட்டதற்காக அந்த இலாகா மீட்கப்பட்டவரிடம் பில் நீட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள். கோடீஸ்வரன் விழுந்தாலும் கொத்தனார் விழுந்தாலும் அதே கயிறு இறங்கும். டாக்டர் செலவில் குடும்பங்கள் திவாலாகிற அந்த தேசத்தில், காசு கேட்காமல் உயிரைக் காக்கிற ஏற்பாடு இது.

இந்த வேலையில் இருக்கிற ஆபத்து எத்தகையது? 2012ஆம் வருஷத்தில், வாஷிங்டன் மாகாணத்து மவுண்ட் ரெய்னியர் பூங்கா ஒன்றில் மட்டும் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 1ஆம் தேதி, வேறிடத்தில் ஜனங்களைச் சுட்டுவிட்டு ஓடி வந்த ஒருவன் ஆயுதத்தோடு பூங்காவுக்குள் காரில் புகுந்தான். மேலே பனியில் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு விளையாடிக் கொண்டிருந்தார்கள். அவன் அங்கே போகாதபடி ஒரு பெண் ரேஞ்சர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழியை மறித்தார். அவன் சுட்டான். அவர் இறந்தார். ஜனங்கள் தப்பினார்கள். அதே வருஷம் ஜூன் 21ஆம் தேதி, அதே மலையின் பனிச்சரிவில் நான்கு மலையேறிகள் விழுந்து காயப்பட்டார்கள். அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிவிடும் வேலையில் இருந்த ரேஞ்சர் ஒருவர் கால் வழுக்கிச் சரிவில் உருண்டு மாண்டார். நான்கு பேரும் பிழைத்தார்கள்.

ஒரு பூங்கா, ஒரு வருஷம், இரண்டு சாவு. ஒருவர் சட்டத்தைக் காக்கும் வேலையில் மாண்டார், மற்றவர் உயிரைக் காக்கும் வேலையில் மாண்டார். இந்த இலாகாவின் சம்பளத்தைத்தான் தண்டம் என்கிறார்கள்!

துப்பாக்கி வந்த வழி

ரேஞ்சரின் துப்பாக்கியைப் பற்றி நாம் மயங்க வேண்டியதில்லை. அந்தத் துப்பாக்கிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

யோசெமிட்டி பள்ளத்தாக்கு இன்று உலகப் பிரசித்தி பெற்ற பூங்கா. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அவானீச்சி என்ற ஆதிகுடிகளை 1851ஆம் வருஷம் ஆயுதப் படை புகுந்து விரட்டியது. குடிசைகளையும் தானியச் சேமிப்பையும் கொளுத்தியது. பிறகும் திரும்பி வந்து அங்கேயே கூலி வேலை செய்து பிழைத்த ஆதிகுடிகளின் கடைசிக் கிராமத்தை 1969ஆம் வருஷத்தோடு பூங்கா நிர்வாகமே இல்லாமல் ஆக்கியது. யெல்லோஸ்டோன் பூங்காவை 1886 முதல் 1918 வரை காவல் காத்தது ராணுவம்.

1970ஆம் வருஷம் ஜூலை 4ஆம் தேதி யோசெமிட்டியில் ஸ்டோன்மன் புல்வெளியில் கூடியிருந்த வாலிபர்களை ரேஞ்சர்கள் குதிரை மீதேறிக் கலைக்கப் புகுந்தார்கள். கலவரம் மூண்டது. 100க்கு மேற்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் போலீஸ் பயிற்சி பெருகியது. 1976ஆம் வருஷத்துச் சட்டம் குறிப்பிட்ட ரேஞ்சர்களுக்கு ஆயுதம் தரிக்கவும் கைது செய்யவும் தெளிவான அதிகாரம் தந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? போலீஸ் அதிகாரம் மேலேயிருந்து வந்தது. ஆளுகிறவர்கள் தங்கள் தேவைக்காகக் கொடுத்தார்கள். உயிர் காக்கும் வேலை அப்படி வந்ததல்ல. விழுந்தவன் கதறினான், பக்கத்தில் இருந்த தொழிலாளி ஓடினான். அப்படி வளர்ந்தது அந்த வேலை. ஆள் குறைக்கிற காலம் வந்ததும் ஆளுகிறவர்கள் எதை விட்டுவைக்கப் பார்க்கிறார்கள், எதை வெட்டப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால், அவர்கள் மனத்தில் எதற்கு மதிப்பு என்பது விளங்கிவிடும்.

ஒரு கயிற்றின் பின்னால் எத்தனை கைகள்!

அரிஸோனா மாகாணத்தில் கிராண்ட் கான்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. மேல் விளிம்பிலிருந்து அடியில் ஓடும் கொலராடோ நதி வரை ஒரு மைல் ஆழம். கோடையில் மேலே இதமான காற்று வீசும். அடிவாரத்தில் வெயில் 110 டிகிரியையும் தாண்டும். சாதாரண மலையில் ஏறிக் களைத்தவன் இறங்கித் தப்பலாம். இங்கே இறங்கிக் களைத்தவன் ஏறித்தான் தப்ப வேண்டும். தண்ணீர் தீர்ந்து, தலை சுற்றி, பாதி வழியில் விழுகிறார்கள்.

1996ஆம் வருஷக் கோடையில் அப்படிப் பலர் வெயிலுக்குப் பலியானார்கள். அதன் பிறகு 1997ஆம் வருஷம் அங்கே ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். பாதை தொடங்கும் இடத்திலும் இறக்கத்திலும் ஊழியர்களும் தொண்டர்களும் நிற்பார்கள். வருகிறவரை நிறுத்தி, எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார்கள். இந்த வெயிலில் வேண்டாம், இங்கேயே திரும்புங்கள் என்று புத்தி சொல்லி அனுப்புவார்கள். விழுந்த பிறகு ஹெலிகாப்டர் அனுப்புவதைவிட விழாமல் தடுப்பது மேல் என்ற சாதாரண அறிவு இது. ஆனால் தடுக்கப்பட்ட சாவு எந்தக் கணக்கிலும் ஏறாது. அதனால்தான் சிக்கனம் பேசுகிறவனின் கண்ணுக்கு, பாதை ஓரத்தில் நிற்கிற ஆள் சும்மா நிற்பவராகத் தெரிகிறார்!

சரி, ஒருவர் விழுந்தே விட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அபயக் குரல் வயர்லெஸில் வருகிறது. அதைக் கேட்டு இடத்தைக் குறித்து ஆட்களை ஏவுகிறவர் ஒருவர் வேண்டும். அவர் துப்பாக்கி தரித்தவர் அல்ல. அங்கே போய்ச் சேருகிற பாதையைச் சரிந்த கல்லையும் விழுந்த மரத்தையும் அகற்றி வைத்திருப்பவர் பாதைக் கூலியாள். வண்டியை ஓடும் நிலையில் வைத்திருப்பவர் மெக்கானிக். ஸ்டிரெச்சரைத் தூக்க ஒரு கை போதாது. கரடுமுரடான இடத்தில் முறை மாற்றித் தூக்க ஒரு கூட்டமே வேண்டும். அந்தக் கூட்டத்தில் கட்டணம் வசூலிப்பவர் இருப்பார், செடிகொடி ஆராய்கிறவர் இருப்பார், கழிப்பிடம் கழுவுகிறவர் இருப்பார். முதலுதவி, தீயணைப்புப் பயிற்சி பெற்று, தன் சொந்த வேலையோடு இதையும் சேர்த்துச் செய்கிறவர்கள் ஏராளம். யோசெமிட்டியில் ஆயிரக்கணக்கான அடி உயரச் செங்குத்துப் பாறையிலிருந்து ஆளை இறக்க, அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கியிருக்கும் மலையேறிகளைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் மணிக் கணக்கில் கூலி, கூப்பிடாத நாளில் இல்லை.

2025ஆம் வருஷம் ஜூலை மாதம் கிராண்ட் கான்யனின் வடகரையில் காட்டுத் தீ வெறி கொண்டு பாய்ந்தது. பழம்பெரும் விடுதியும் டஜன் கணக்கான கட்டிடங்களும் சாம்பலாயின. குடிதண்ணீர் சுத்தம் செய்யும் நிலையம் எரிந்து குளோரின் விஷவாயு கசிந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்துக்குள் இறங்கும் என்பதால், கரையில் இருந்தவர்களை மட்டுமல்ல, பள்ளத்தாக்கின் உள்ளே நடந்து கொண்டிருந்தவர்களையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. கட்டிடங்கள் போயின, ஆனால் ஜனங்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. தண்ணீர் நிலையத்தில் எந்த வாயு இருக்கிறது, எந்தப் பாதையில் யார் இருக்கிறார்கள், எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்று தெரிந்த ஆட்கள் இருந்தால்தான் இப்படிப்பட்ட வேலை நடக்கும். துப்பாக்கியைக் காட்டித் தீயைக் கைது செய்ய முடியாது!

1039 மணி நேர மோசடி

நம் ஆலைகளில் பதிலித் தொழிலாளி என்றால் என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 240 நாள் கணக்கு நிறைவதற்குள் பெயரை வெட்டிவிட்டு மறுபடி புதுப் பெயராக எழுதும் தந்திரத்தையும் பார்த்திருக்கிறோம். உலகத்திலேயே பெரிய பணக்கார சர்க்கார், பூங்காக்களில் இதே தந்திரத்தை வருஷக்கணக்காக நடத்தி வருகிறது.

அங்கே சீசன் ஊழியர் என்று ஒரு ஜாதி. வருஷத்தில் 1040 மணி நேரம், அதாவது ஆறு மாதம், தாண்டாமல் அவர்களை வேலை வாங்குவார்கள். 1039 மணி ஆனதும் போய் வா என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த கோடையில் மறுபடி அழைப்பார்கள். இந்தக் காலம் ஓய்வூதியக் கணக்கில் சேராது. வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. சட்டம் காக்கும் சீசன் ரேஞ்சர் வேலைக்கு வருகிறவர்கள் போலீஸ் பயிற்சிப் படிப்பைத் தங்கள் கைக்காசைப் போட்டுப் படித்துவிட்டு வருவது நெடுங்கால வழக்கம். பூங்காவுக்குள் இருக்கும் குவார்ட்டர்ஸுக்கு வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வேலை போனால் வீடும் போயிற்று. எஸ்டேட் லயன் வீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பல வருஷம் இப்படி வந்து போய், மலையின் ஒவ்வொரு மடிப்பையும் கற்றுக்கொண்ட பிறகு சிலருக்கு நிரந்தர வேலை கிடைக்கும். கிடைத்ததும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் புரொபேஷன்.

கத்தி இறங்கியது

2025ஆம் வருஷம் பிப்ரவரி 14ஆம் தேதி, அந்தப் புரொபேஷனில் இருந்தவர்கள் மீதுதான் கத்தி இறங்கியது. டிரம்ப் சர்க்கார், உலகத்தின் முதல் வரிசைப் பணக்காரரான எலான் மஸ்க் முன்நின்று நடத்திய சிக்கன வேட்டையில், பூங்கா இலாகாவில் மட்டும் சுமார் 1000 பேரை ஒரே வீச்சில் வெளியேற்றியது. பத்து கோடையாக மலையேறியவரும் நேற்று வந்தவரும் அந்தக் கடிதத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். மார்ச் மாதம் கோர்ட்டு தலையிட்டது. பலரைத் திரும்ப எடுக்க நேர்ந்தது. ஆனால் முன்வாசல் அடைபட்டதும் சர்க்கார் கொல்லைப்புறமாக வந்தது. தானே ராஜினாமா செய், முன்கூட்டியே ஓய்வு பெறு என்று நெருக்கியது. வெளியேறியவர்களின் இடத்தை நிரப்பாமல் போட்டது. 2025 ஜூலையில் தேசியப் பூங்காப் பாதுகாப்புச் சங்கம் போட்ட கணக்குப்படி, அந்த ஜனவரியிலிருந்து நிரந்தர ஊழியர்களில் 24 சதவீதம் பேர் போய்விட்டார்கள். நான்கில் ஒருவர்!

ஆள் குறைந்தால் பூங்காவைச் சில நாள் மூடலாமா? கூடாது. 2025 ஏப்ரலில் உள்துறை மந்திரி டக் பர்கம், எல்லாப் பூங்காக்களும் திறந்தே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கூட்டம் குறையாது, வேலை குறையாது, ஆள் மட்டும் குறையும். நம் ஆலை முதலாளி இதற்கு வைத்திருக்கும் பெயர் வேலைப்பளு உயர்வு. இரண்டு சைடு பார்த்தவரை நான்கு சைடு பார்க்கச் சொல்வது.

பணம் இல்லையே, என்ன செய்வது என்பார்கள். பணம் இல்லையா? 2025 ஜூலை 4ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டத்தைப் பாருங்கள். பூங்காக்களில் ஆள் நியமிப்பதற்கென்று 2022ஆம் வருஷத்துச் சட்டம் ஒதுக்கியிருந்த தொகையில் மீதி இருந்த சுமார் 26 கோடியே 70 லட்சம் டாலரை அந்தச் சட்டம் பிடுங்கிக்கொண்டது. பணக்காரர்களுக்கு வரிச் சலுகை அளித்தது. பிழைப்புத் தேடி வந்த ஏழைகளை வீடு வீடாக, பட்டறை பட்டறையாகப் புகுந்து பிடிக்கும் குடியேற்றப் போலீஸுக்கு சுமார் 7500 கோடி டாலரைத் தூக்கிக் கொடுத்ததும் அதே சட்டம்தான்!

ஆகவே சட்டத்தை நிலைநாட்டப் பணம் இல்லை என்பது பொய். எந்தச் சட்டத்தை, யார் மேல் நிலைநாட்ட என்பதுதான் கேள்வி. வயலில் காய் பறிக்கிற ஏழையைப் பிடிக்கும் விலங்குக்கு 7500 கோடி உண்டு. மலையில் விழுந்தவரை ஏற்றும் கயிற்றுக்கு ஆள் இல்லை!

வேலை உண்டு, சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை

2025ஆம் வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி, பட்ஜெட் தகராறில் அமெரிக்க சர்க்கார் தன் காரியாலயங்களைத் தானே இழுத்து மூடியது. முதலாளி செய்தால் லாக்-அவுட் என்போம். 43 நாள், நவம்பர் 12 வரை அது நீடித்தது. பூங்கா ஊழியர்களில் பெரும்பகுதியினர் சம்பளமின்றி வீட்டில் உட்கார வைக்கப்பட்டார்கள். மீதியிருந்தவர்கள் யார்? சட்டம் காக்கும் ரேஞ்சர்களும் அவசர உதவிக்காரர்களும். அவர்களுக்கு வேலை உண்டு. சம்பளம் உரிய நாளில் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்தோமே, நாங்கள் தொடவேயில்லை என்று பெருமை பேசினார்களே, அவர்களுக்கு நடந்த மரியாதை இது!

இவ்வளவும் நடக்கையில் பூங்காக்களின் வாசலோ பெரும்பாலும் திறந்தே கிடந்தது. எச்சரிக்க ஆள் இல்லாத வாசல். இதற்கு முன் 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள் நடந்த மூடலில் என்ன ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் மரங்கள் வெட்டப்பட்டன. பாலைவனத்தில் காரை ஏற்றிப் புதுத் தடம் போட்டார்கள். குப்பை மலையாய்க் குவிந்தது. தெரிந்தும் மறுபடி செய்தார்கள்.

தலைகீழ்க் கொடி

பூங்காத் தொழிலாளர்கள் வாய் மூடி இருக்கவில்லை. 2025 பிப்ரவரி 22ஆம் தேதி, யோசெமிட்டியில் எல் காப்பிடான் என்ற சுமார் 3000 அடிப் பாறையின் உச்சியிலிருந்து ஒரு பெரிய அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அந்த நாட்டு வழக்கத்தில் தலைகீழ்க் கொடிக்கு ஒரே அர்த்தம்: பேராபத்து, உதவிக்கு வாருங்கள். பிறர் போடும் அபயக் குரலைக் கேட்டு ஓடிய கைகள், அன்று தாங்களே அபயக் குரல் எழுப்பின.

அத்தோடு நிற்கவில்லை. அதே வருஷம் ஜூலை-ஆகஸ்டில் யோசெமிட்டி, செக்கோயா-கிங்ஸ் கான்யன் பூங்காக்களின் ஊழியர்கள் 600க்கு மேற்பட்டோருக்குச் சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்றார்கள். அந்தச் சங்கத்தில் சீசன் ஊழியரும் உண்டு. கட்டணம் வசூலிப்பவரும், பாதை போடுகிறவரும், முதலுதவிக்காரரும் ஒரே அணியில் நிற்கிறார்கள். மலையில் ஒரே ஸ்டிரெச்சரைத் தூக்கிய கைகள் இப்போது ஒரே சீட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன.

ஆளுகிறவர்கள் ஊழியர்களை இரண்டாகப் பிரித்தார்கள். இவர் அவசியம், அவர் தண்டம் என்று கோடு போட்டார்கள். அவசியமானவருக்குச் சம்பள உத்தரவாதத்தைப் பறித்தார்கள், தண்டம் என்றவருக்கு வேலையை நிறுத்தினார்கள். கோட்டின் இரு பக்கமும் அடி விழுந்தது. அந்தக் கோட்டை அழித்ததுதான் இந்த வாக்கெடுப்பின் பெருமை.

தோழர்களே! நாளை நம் ஆலை வாசலிலும் நிரந்தரமானவரைத் தொடவில்லை, பதிலியைத்தான் நிறுத்தினோம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டப்படும்போது, ஒரு ஸ்டிரெச்சரைத் தூக்க எத்தனை கை வேண்டும் என்ற கணக்கை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு கையை எடுத்தாலும் பாரம் மற்றக் கைகளில் ஏறும். நாலு கையை எடுத்தால் ஸ்டிரெச்சரே கீழே விழும்.

பூங்காவுக்கு நிரந்தர ஆட்களை நியமி! 1039 மணி நேர மோசடியை ஒழி! உயிர் காப்பவனுக்கு உரிய நாளில் சம்பளம் கொடு! அமெரிக்கப் பூங்காத் தொழிலாளி கேட்பது இவ்வளவுதான். இது நியாயமான கோரிக்கை. உழைக்கிற எவனும் இதற்குக் கை உயர்த்துவான்.